போஸ்டர் – சுவரொட்டி

திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சுவரெல்லாம் முகங்கள். கண்ணீர் அஞ்சலியோ காதணி விழாவோ, ஒரு முகமும் அதன் கீழே நீண்ட பெயர்ப்பட்டியலும் இல்லாமல் முடியாது. பேச்சில் இது போஸ்டர், எழுத்தில் சுவரொட்டி.

ஆங்கிலத்தில் ‘போஸ்ட்’ என்பது நட்டுவைத்த கம்பம். லத்தீனில் கதவு நிலையைக் குறிக்கும் ‘போஸ்டிஸ்’ அதன் வேர். அறிவிப்பைக் கம்பத்தில் அறைந்த பழக்கத்தால், அறிவிப்பு ஒட்டுவதற்கும் அதே சொல் நின்றது. 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிய தாளே போஸ்டர் ஆனது. தபாலைக் குறிக்கும் போஸ்ட் வேறு வழியில் வந்தது.

சுவரொட்டிக்கும் இன்னொரு பொருள் உண்டு. ஆட்டிறைச்சிக் கடையில் சுவரொட்டி கேட்டால் மண்ணீரலைத்தான் தருவார்கள். இரத்தச்சோகைக்கு நல்லது என்று காலையிலேயே சொல்லிவைத்து வாங்குபவர்கள் அதிகம்.

பழைய ஓவியக் கண்காட்சிப் போஸ்டர்களைச் சேகரிப்பவர்கள் சுவரொட்டி என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். பசை பட்டால் அவர்கள் தாளின் மதிப்பு போயிற்று. நம் ஊர்ப் பசையோ மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்தது; உரித்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். ஒட்டாத தாளுக்கு ஒட்டி என்று பெயரா என்பது அவர்கள் கேள்வி. கம்பமே இல்லாத இடத்தில் போஸ்டர் என்கிறோமே, அது மட்டும் பொருந்துகிறதா? மேலும், 1890களில் பாரிஸில் இந்தச் சேகரிப்புப் பித்து தொடங்கியபோது, ஜூல் ஷெரே போன்ற ஓவியர்களின் வண்ணச் சுவரொட்டிகளைப் பசை காயுமுன் சுவரிலிருந்து உரித்துப்போனவர்களும் இருந்தார்கள். சுவரொட்டி போதும், வேண்டுமானால் ‘கண்காட்சிச் சுவரொட்டி’ எனலாம்.

இப்படிச் சேகரிக்கும் போஸ்டருக்கு முன்னால் ‘விண்டேஜ்’ என்றும் சேர்ப்பார்கள். அது திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். ‘பழைய’ என்றால் பாதிப் பொருள்தான் வரும். கண்காட்சி நடந்தபோதே அச்சான தாள் என்பதே கருத்து. ஆகவே ‘அக்காலப் பதிப்பு’. ஓவியர்கள் பிக்காசோவும் மத்தீஸும் தம் கண்காட்சிகளுக்காகப் பாரிஸின் மூர்லோ அச்சகத்தில் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறையில், போட்ட தாள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மெழுகுக்கட்டி கல்லில் உரசிய ஒழுங்கற்ற கரகரப்பு தெரியும். ஆஃப்செட் மறுபதிப்பில் வரிசை தப்பாத புள்ளிகள். ஆனால் ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி வரைந்த உருவப்படங்களைத் தாங்கிய பிற்காலச் சுவரொட்டிகளில் அசலே பெரும்பாலும் ஆஃப்செட்தான்; புள்ளியைக் கண்டதும் போலி என்று தள்ளக் கூடாது.

அப்படியானால் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் காலண்டர் படங்கள் சுவரொட்டியா? இல்லை. சுவரொட்டிக்கு ஒரு செய்தி வேண்டும்: எங்கே, எப்போது, யாருடையது. நம் வீடுகளில் காலண்டரின் கடைப் பெயரை வெட்டிவிட்டு முருகனை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவோம். படத்துக்கு ஒரு குறையும் இல்லை. கண்காட்சிச் சுவரொட்டியில் அந்த எழுத்து வரியை வெட்டினால் சேகரிப்பவர் யாரும் அதைக் கையில் வாங்க மாட்டார்.