தேடுபொறி: சொல்லும் அது செய்யும் வேலையும்

ஆங்கிலத்தில் 'சர்ச் எஞ்சின்' எனப்படுவதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் தேடுபொறி. தேடிய, தேடுகிற, தேடும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை என்பதால் நடுவில் வல்லினம் மிகாது, 'தேடுப்பொறி' பிழை. தேடல் என்ற தொழிற்பெயரோடு சேர்த்தால் 'தேடற்பொறி' ஆகும். இலக்கணம் இடம் கொடுத்தும் வழக்கில் அது எடுபடவில்லை. 'தேடல் இயந்திரம்' என்று எழுதுவோரும் உண்டு. 'தேடுதளம்' மட்டும் வேண்டாம். தளம் என்பது நாம் சொல்லைத் தட்டும் பக்கம். பொறி அதற்குப் பின்னால் இருக்கிறது.

பொறி பழைய சொல். மதுரைக் கோட்டைமதிலின் போர்க்கருவிகளை 'வளைவிற் பொறி' என்று தொடங்கி வரிசையாகச் சொல்கிறது சிலப்பதிகாரம். எஞ்சினின் கதையும் ஏறத்தாழ இதே வழிதான். இலத்தீனில் 'இன்ஜெனியம்' என்றால் பிறவிக் கூர்மதி. பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது அது சூழ்ச்சி, கருவி, கோட்டையை உடைக்கும் எந்திரம் என்று பொருள் விரிந்தது; நீராவி எந்திரமெல்லாம் பிறகு வந்தவை. 'சர்ச்' என்பதன் வேர் 'சுற்றிவருதல்' என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன் வினை. எலிப்பொறியில் பொறி கண்ணியும் ஆகிறது. விளம்பரத்தை முதல் விடையென்று நம்பிச் சொடுக்குபவருக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.

பெயர் சரி, ஆனால் அது ஒரு தவறான எண்ணத்தைத் தருகிறது. நீங்கள் கேட்கும் கணத்தில் தேடுபொறி வலையைத் தேடுவதில்லை. கிராலர் என்னும் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய் முன்பே படி எடுத்துவைக்கிறது. அந்தப் படிகளிலிருந்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் வருகிறது என்ற அடைவு உருவாகிறது. உங்கள் கேள்வி போய்ச் சேர்வது இந்த அடைவிடம்தான். கிடைத்தவற்றை வரிசைப்படுத்துவது கடைசி வேலை. ஆக, அடைவில் ஏறாத பக்கம் தேடுபொறியைப் பொறுத்தவரை இல்லாத பக்கம்.

நூலகத்தாருக்கு இது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாரிசில் டொமினிக்கன் துறவி செயின்ட் செர் ஹியூ தலைமையில் விவிலியத்துக்குச் செய்யப்பட்ட சொல்லடைவின் அமைப்பு இதுவேதான். 1990இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய 'ஆர்ச்சி' என்னும் தேடுபொறி கோப்புப் பெயர்களை மட்டும் அடைவு செய்தது. தலைப்புப் பட்டியல் மட்டுமே உள்ள நூலகம் போல. பக்கத்தின் முழு உரையையும் அடைவில் ஏற்றியது 1994இல் வந்த 'வெப்கிராலர்'. அதே ஆண்டின் யாகூ தேடுபொறியே அல்ல. மனிதர்கள் பொருள்வாரியாகப் பகுத்த இணைப்புப் பட்டியல். 1998இல் கூகுள் முன்வைத்த தரவரிசை முறைக்கு முன்னோடி, தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்டு 1960களில் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அடைவு. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிய இடத்தில், எந்தப் பக்கத்துக்கு யார் இணைப்புக் கொடுத்தார்கள் என்று எண்ணினார்கள். கூடவே, இணைப்புக் கொடுத்த பக்கத்தின் மதிப்பும் கணக்கில் சேர்ந்தது.

உலாவியையும் தேடுபொறியையும் ஒன்றாக நினைப்பது பரவலான குழப்பம். உலாவி பக்கத்தைத் திறந்து காட்டும் மென்பொருள், அவ்வளவே. நூலகத்தின் இணையவழி நூற்பட்டியல் இன்னொரு வகை. அங்கே ஆசிரியர், தலைப்பு, பொருள் எனத் தனித்தனிப் புலங்கள் உண்டு. பொருள் தலைப்பை மனிதர் ஒருவர் நூலைப் பார்த்துக் கொடுத்திருப்பார். படிவத்தை நிரப்பினால்தான் திறக்கும் பதிவுகளைக் கிராலர் பெரும்பாலும் எட்டாது. கூகுளில் வராத நூல் பட்டியலில் இருப்பது அதனால்தான்.

தேடலை அளக்க இரண்டு அளவைகள். ஒரு தொகுப்பில் உங்களுக்குத் தேவையானவை 40 ஆவணங்கள் என்போம். தேடல் 50 ஆவணங்களைத் தருகிறது. அவற்றில் தேவையானவை 20. துல்லியம் 50க்கு 20, அதாவது 40 விழுக்காடு. மீட்பு 40க்கு 20, அதாவது 50 விழுக்காடு. ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். வலைத் தேடுபொறிகள் முதல் பக்கத் துல்லியத்துக்காகவே உழைக்கின்றன. எதுவும் விடுபடக் கூடாது என்கிற ஆய்வாளருக்கு அது போதாது.

தமிழில் தேடும்போது மீட்பு இன்னும் சரியும். மரம், மரத்தை, மரங்கள் என்று சொல்லின் உடல் மாறுகிறது. சொல்லின் முற்பகுதியோடு உடுக்குறி (*) இட்டுத் தேடுவது வெட்டுத் தேடல். அது உள்ள நூற்பட்டியலில் மர* என்று போட்டால் மரபும் மரணமும் மரகதமும் சேர்ந்து வரும்; மரம், மரத்த*, மரங்க* என்று மூன்றாகக் கொடுப்பது நல்லது. புள்ளியும் கணினிக்குத் தனிக்குறி. நூல்* என்று தட்டினால் நூலை, நூலகம் விடுபடும்; புள்ளியை எடுத்து நூல* என்க. அப்போதும் நூற்பட்டியல் சிக்காது. கூகுளில் இந்த உடுக்குறி முழுச் சொல்லுக்குப் பதிலாக நிற்பது, விகுதிக்கு அல்ல.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் உண்டு. 'கௌ' எழுத ஒரே ஔகாரக் குறி இருக்க, பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்று, அடைவில் வெவ்வேறு. கறுப்பு, கருப்பு இரண்டையும் தேடுங்கள். ஷேக்ஸ்பியரைச் சேக்சுபியராகவும் செகப்பிரியராகவும் தேடுங்கள். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப் கோப்பைத் தமிழ்ச் சொல் கொடுத்து எடுக்க இயலாது. அடைவில் அது பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே ஏறியிருக்கும்.

கூகுளில் சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி: குறிக்கு முன் இடைவெளி உண்டு, பின் இல்லை. ஒரே தளத்துக்குள் தேட 'சைட்' (site:) கட்டளை; முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை வெறும் சொல்லாகிவிடும். மாற்றுச் சொற்களை இணைக்கும் 'ஆர்' (OR) ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும்.