சதுப்பின்மேல் டாங்கி ஓட்டிய தளபதி

1944 மே மாதம், இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியர் பிடியிலிருந்த பெலாரஸின் பாப்ருய்ஸ்க் நகரை வடக்கு, தெற்கு என இரண்டு திசைகளிலிருந்து சமபலத்துடன் தாக்க வேண்டும் என்றார் சோவியத் ஜெனரல் ரொகோசோவ்ஸ்கி. ஒரே தாக்குதல் போதும் என்பது ஸ்டாலினின் எண்ணம். அடுத்த அறைக்குப் போய் யோசித்து வரும்படி இருமுறை அனுப்பப்பட்டும் தாம் மசியவில்லை என்று ரொகோசோவ்ஸ்கி பின்னாளில் எழுதினார். 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் கைதாகி, அடி உதையில் பற்களை இழந்து, 1940இல்தான் வெளியே வந்த மனிதரின் பிடிவாதம் இது!

ஆனால், அவர் கேட்ட தெற்குப் பாதை முழுக்கச் சதுப்பு. அங்கே டாங்கிகள் வரும் என்று ஜெர்மானியர்கள் எதிர்பார்க்கவே இல்லை.

சதுப்பு மண்ணில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆறிய பாலில் ஆடை படர்வதுபோல, மேலே வேர்களும் நார்களும் பின்னிய மெல்லிய படலம், அடியில் குழம்பு. படலம் கிழிந்தால் கதை முடிந்தது. கிழிவதை முடிவுசெய்வது எடை மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதும்தான். 32 டன் எடையுள்ள டி-34-85 டாங்கியின் இரு சங்கிலிப் பட்டைகளும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 4 சதுர மீட்டருக்கும் குறைவு. அதாவது, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிலோ.

வீரர்கள் முதலில் சுள்ளிக் கட்டுகளைப் பரப்பினார்கள். அவற்றின்மேல் மரங்களை நெருக்கமாகக் குறுக்கே அடுக்கினார்கள். 4 மீட்டர் நீளக் கட்டைகள் என்று வைத்துக்கொண்டால், இரு பட்டைகளுக்கு நடுவிலும் வெளியிலும் உள்ள நிலமும் சுமையில் பங்கேற்கும். கணக்குப்படி அழுத்தம் 0.2 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. கட்டைகள் வளைவதால் நடைமுறையில் இவ்வளவு சீராகப் பரவாது. ஆனாலும் மரம் மிதக்கும் பொருள், அதுவும் கொஞ்சம் தாங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டாங்கி ஏறியதும் மண்ணிலுள்ள நீரின் அழுத்தம் கூடும். அது வடிய நேரம் வேண்டும். வரிசையாக நெருக்கிக்கொண்டு போனால், முதல் டாங்கி தப்பித்தாலும் பின்னால் வருவது அமிழ்ந்துவிடலாம். எனவே மெதுவாக, இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும். காலாட்படையினர் மிலாறுகளால் பின்னிய அகலமான சதுப்புக் காலணிகளை அணிந்துகொண்டார்கள். அதே பரப்புக் கணக்குதான்.

ஜூன் 24 அன்று தாக்குதல் தொடங்கியது. நல்ல தரையுள்ள வடக்குப் பிரிவு முதல் நாளில் திணறியது. ஜெனரல் பாதோவின் 65ஆவது படையோ சதுப்பைத் தாண்டி ஜெர்மானிய அரணை உடைத்தது. ஜூன் 29 அன்று பாப்ருய்ஸ்க் விழுந்தது. அன்றே ரொகோசோவ்ஸ்கி ஜெனரலுக்கும் மேலான பதவிக்கு உயர்ந்து, சோவியத் யூனியனின் மார்ஷல் ஆனார்.