புது மாட்யூலர் கேமராவா? லென்ஸிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

புதிய மாட்யூலர் சினிமா கேமரா, அதாவது பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் கேமரா, வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், இளம் ஒளிப்பதிவாளர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கையில் இருப்பதை விற்றுவிட்டு இதற்கு முன்பதிவு செய்துவிடலாமா, சார்?" படப்பிடிப்புக்கு முன்பு கேமராவையும் லென்ஸையும் சோதித்துக் கொடுப்பது என் தொழில். எந்த லென்ஸை மாட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது.

அறிவித்த கேமராதான் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சினிமா கேமரா தயாரிக்கும் ரெட் நிறுவனத்தின் ஸ்கார்லெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரலில் அறிவித்தபோது அது 2/3 அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), கழற்ற முடியாத ஜூம் லென்ஸ், 3கே (அகலத்தில் சுமார் 3,000 பிக்சல்) பதிவு எல்லாம் கொண்ட சின்னக் கேமரா; விலை 3,000 டாலருக்குள். அதே ஆண்டு நவம்பரில் திட்டமே மாறி, 'பிரெயின்' என்ற சென்சார் பெட்டியைச் சுற்றி மற்றதையெல்லாம் தேவைக்கு ஏற்ப மாட்டிக்கொள்ளும் அமைப்பாக ஆனது. கடைசியில் 2011 நவம்பரில் ஸ்கார்லெட்-எக்ஸ் என்ற பெயரில் வந்தபோது அதைவிடப் பெரிய, சினிமா ஃபிலிம் ஃப்ரேம் அளவிலான சூப்பர் 35 சென்சார், பிஎல் அல்லது கேனான் இஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளைய வகைகள்), பிரெயினுக்கு மட்டுமே 10,000 டாலரை நெருங்கும் விலை. வந்தது நல்ல கேமராதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இடையில் வந்த மாட்யூலர் திட்டத்தை நம்பி 2/3 அங்குல லென்ஸ் வாங்கி வைத்தவருக்கு அதனால் பயனில்லை. அந்த லென்ஸ் தரும் பிம்ப வட்டம் (சென்சார் மேல் விழும் வட்டப் படம்) ஏறக்குறைய 11 மி.மீ.; சூப்பர் 35 சென்சாரின் மூலைவிட்டம் 31 மி.மீ. அளவில். நடுவில் ஒரு சின்ன வட்டம் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

அடுத்து மவுண்ட். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் பிஎல்லுக்கு 52 மி.மீ., கேனான் இஎஃபுக்கு 44, சோனி இ-க்கு 18, நிக்கான் இசட்டுக்கு 16. தூரம் அதிகம் கேட்கும் லென்ஸை, தூரம் குறைந்த பாடியில் அடாப்டர் வைத்து மாட்டிவிடலாம். தலைகீழாகச் செய்ய வழியில்லை: இ மவுண்ட் லென்ஸை பிஎல் பாடியில் வைத்தால் தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. தூரம் அதிகம் கேட்பது பிஎல் என்பதால், நாளை எந்த பிரெயின் வந்தாலும் கூடவே வரக்கூடியது பிஎல் லென்ஸ்தான். கனம் அதிகம், விலையும் அதிகம், அது வேறு விஷயம். 1970களில் வந்த கேனான் கே35 லென்ஸ்களை இன்றும் தேடிப் பிடித்து, புது உறை போட்டு, சூப்பர் 35-ஐவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் மாட்டுகிறார்கள். அந்தக் காலத்துக்குப் பிறகு எத்தனை கேமரா பாடிகள் வந்து காணாமல் போயின!

மாட்யூலர் பாடியில் மவுண்ட்டையே கழற்றி மாற்றலாம் என்பதை எல்லோரும் வசதியாகத்தான் பார்க்கிறார்கள். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது. புது மவுண்ட் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தள்ளி உட்கார்ந்தாலே போதும். வைட் லென்ஸில் (அகலமான காட்சியைப் பிடிப்பது) ஃபோகஸ் வளையத்தின் எண் ஒரு தூரம் சொல்லும், அளவு டேப் வேறொன்று சொல்லும். ஜூமில் நெருங்கிப் போய் ஃபோகஸ் வைத்து, வெளியே வந்தால் படம் கலங்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று திட்டுவார்கள், பாவம் அந்த லென்ஸ்! மவுண்ட் மாற்றியதும் கேமராவை ஓடவிட்டு, பாடி சூடேறிய பிறகு, வைட் லென்ஸை முழு அப்பர்ச்சரில் திறந்து, டேப் பிடித்து அளந்து பாருங்கள். எண் ஒத்துவராவிட்டால் மவுண்ட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்ற வேண்டும். அதைப் பழகியவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, சென்சார் அளவை மட்டும் பார்த்து லென்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது. பல கேமராக்கள் அதிக ஃப்ரேம் வேகத்தில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே வாசிக்கும். அப்போது உங்கள் 18 மி.மீ. லென்ஸ் வைட்டாகவே இருக்காது.

விலைப் பட்டியலில் பெரிதாகப் போட்டிருப்பது பிரெயினின் விலை. மானிட்டர், பேட்டரி, மீடியா (படத்தைப் பதியும் கார்டு), கைப்பிடி, துணைக்கருவி மாட்டும் ராடு எல்லாம் தனித்தனி. மீடியாவைத்தான் பலரும் மறக்கிறார்கள். 4096 x 2160 அளவில், 12 பிட் ரா கோப்பாக (சென்சார் தரும் தரவு அப்படியே), நொடிக்கு 24 ஃப்ரேம் சுருக்காமல் பதிந்தால் நொடிக்குச் சுமார் 318 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 1.1 டிபிக்கு மேல். எட்டில் ஒன்றாகச் சுருக்கினாலும் மணிக்கு 140 ஜிபி தாண்டும், அதற்கு இரண்டு பிரதியாவது வேண்டும்.

அதனால் கேமரா வரும்வரை இருப்பதை விற்க வேண்டாம். வராத கேமராவை நம்பி படத்துக்குத் தேதி கொடுக்கவும் வேண்டாம். வந்ததும் முதலில் வாடகைக்கு எடுத்து உங்கள் லென்ஸை மாட்டிப் பாருங்கள். சரி, முன்பணம் கட்டியே தீருவேன் என்பவர்கள், அறிவித்த அம்சங்கள் மாறினால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா, கேமரா அனுப்பும் முன்பு மவுண்ட் தேர்வை மாற்றிக்கொள்ள முடியுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.