கல்லீரல் எப்படித் தோற்கும்?

ஈரலில் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் 'கல்லீரல் தோல்வி ஏற்படும் அபாயம் உண்டு' என்று மறுபடியும் படித்தேன். எரிச்சல் தாங்கவில்லை. தோல்வி என்றால் எதிரே ஒருவர் ஜெயித்திருக்க வேண்டும். கல்லீரல் யாரோடு மல்லுக்கு நின்றது?

ஆங்கில 'லிவர் ஃபெயிலியர்'தான் இப்படித் தமிழாகியிருக்கிறது. ஃபெயிலியர் என்பதன் மூலம் லத்தீன் 'ஃபல்லெரே', ஏமாற்றுதல். பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது குறைபடுதல், போதாமற்போதல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. மருத்துவத்துக்கு வேண்டியது இந்தப் பிந்தைய பொருள்தான். பரீட்சையில் ஃபெயிலாவது அல்ல. தமிழில் 'செயலிழப்பு' ஏற்கெனவே இருக்கிறது.

'தோல்வி' வெறும் அழகுக்குறைவு என்றால் விட்டுவிடலாம். தாளைப் படிக்கும் நோயாளியின் மகன், ஆப்பரேஷனே தோற்றுவிடும் என்றல்லவா எடுத்துக்கொள்வார்? ஈரலில் இருக்கும் கட்டியை முழுதாக எடுத்து, அறுவை நன்றாகவே முடிந்தபின்னும் மிஞ்சிய ஈரல் ஈடுகொடுக்காமல் போகலாம். ஐந்தாம் நாளிலோ அதற்குப் பிறகோ ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறியிருக்கும், ரத்தம் உறையத் தாமதமாகும். 2011இல் வந்த சர்வதேச வரையறை இதைத்தான் சொல்கிறது.

முன்கூட்டியே கணிப்பதும் இதைத்தான். சிடி ஸ்கேனை வைத்து, வெட்டியபின் எவ்வளவு ஈரல் மிஞ்சும் என்று அளக்கிறார்கள். நல்ல ஈரல் என்றால் 20 சதவீதமாவது வேண்டும். கீமோ நிறைய வாங்கியது என்றால் 30, ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் இருந்தால் 40. இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைச் சிரையில் ஏற்றி, ஈரல் அதை நீக்கியதுபோக 15 நிமிடம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்றும் பார்ப்பதுண்டு. மிஞ்சுவது குறைவென்று பட்டால், எடுக்கப்போகும் பக்கத்துக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்து, மறுபக்கம் வளரும்வரை காத்திருக்கிறார்கள். இதில் தோல்வி எங்கே வந்தது?

'செயலிழப்பு' அடியோடு நின்றுபோனது போல ஒலிக்கிறதே என்பார்கள். நியாயம்தான். அந்த வரையறையிலேயே ஏ, பி, சி என்று மூன்று படிகள். ஏ படியில் சிகிச்சையை மாற்றவே தேவையில்லை. அதற்காகக் 'கல்லீரல் போதாமை' என்று எழுதினால், இருப்பதே ஒன்றுதானே, இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்பார்கள். 'லேசான செயலிழப்பு' என்றால் தீர்ந்தது.

அகராதியில் முதல் பொருளைத் தாண்டாத மொழிபெயர்ப்பாளர்கள் இருதயத்தையும் சிறுநீரகத்தையும்கூடத் தோற்கடித்துவிட்டார்கள். வீட்டில் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனால் 'கிட்னி வேலை செய்யலை' என்றுதான் அவர்களும் சொல்வார்கள். அதையே தாளில் எழுத என்ன கூச்சம்?