டிரான்ஸ்ஃபார்மருக்கும் உண்டு நல்ல நேரம்

வெளிநாட்டு மிக்ஸிக்காக 230 வோல்ட்டை 110 ஆக்கும் 1 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார் ஒரு வாசகர். மிக்ஸியை மாட்டாமல் வெறுமனே சுவிட்சைப் போட்டாலே சில நாள் எம்சிபி (கரண்ட் எல்லை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது, சில நாள் ஒன்றும் ஆவதில்லை. 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 16 போடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். முழு லோடிலேயே நாலரை ஆம்பியருக்குள்தான் ஓடும். 16 போட்டால், 10 ஆம்பியர் ஓடி காயில் கருகினாலும் எம்சிபி வேடிக்கைதான் பார்க்கும்.

ஃபாரடே விதி நினைவிருக்கும். வோல்டேஜ் சொல்வது காந்தப் பாயம், அதாவது காயிலுக்குள் இருக்கும் இரும்பில் ஓடும் காந்தம், எவ்வளவு என்பதை அல்ல, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் பூஜ்யத்தைத் தொடும்போது பாயம் எதிர்த்திசை உச்சத்தில் இருக்கும். அடுத்த 10 மில்லி விநாடியில் மறு உச்சத்துக்கு ஏறிவிடும். சும்மா கிடந்ததை அதே கணத்தில் ஆன் செய்தால், பாயம் பூஜ்யத்திலிருந்து கிளம்பும். ஆனால் ஏறவேண்டிய தூரம் குறையவில்லை! வழக்கமான உச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்குப் போகப் பார்க்கும். போன முறை அணைத்தபோது இரும்பில் தங்கிய காந்தமும் அதே திசையில் இருந்தால் இன்னும் மேலே. கோரில், அதாவது உள்ளிருக்கும் இரும்பில், உள்ள சிலிக்கான் எஃகோ சுமார் 2 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்த அடர்த்தியின் அலகு) தெவிட்டிவிடும். அதன்பின் கோர் இருந்தும் இல்லாத மாதிரிதான். கரண்ட் பத்து மடங்கு, அதற்கு மேலும் எகிறிவிட்டு, சில சுழற்சிகளில் அடங்கும். வளைய வடிவ டொராய்டில் இது இன்னும் கடுமை.

வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது போட்டால் அனேகமாகச் சத்தமே இருக்காது. அந்த நல்ல நேரம் விநாடிக்கு 100 முறை வருகிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பிடிக்க முடியாது. இயந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்கள் அந்தக் காசுக்கு, ஆன் செய்யும் கணத்தில் கரண்டைத் தடுத்து, சூடானதும் வழிவிடும் ஒரு தெர்மிஸ்டர் வாங்கலாம் என்பது என் கட்சி.

எம்சிபியில் மெதுவான ஓவர்லோடுக்கு இரட்டை உலோகப் பட்டை, திடீர் பாய்ச்சலுக்குக் காந்தச் சுருள். சி வகை தன் மீது எழுதிய ஆம்பியரைப்போல் 5 முதல் 10 மடங்கில் உடனே விழும், டி வகை 10 முதல் 20 மடங்கில். ஆகவே 6 ஆம்பியரிலேயே டி வகை போடுங்கள். பட்டையின் காவல் மாறாது. ஒயரிங் நீளமாக, மெல்லிசாக இருந்தால் ஷார்ட் ஆகும்போது அந்த 20 மடங்கு, அதாவது 120 ஆம்பியர் வருமா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள்.

வோல்டேஜ் பூஜ்யத்தில் ஆன் செய்யும் எஸ்எஸ்ஆர் ரிலே (மின்னணு சுவிட்ச்) ஹீட்டருக்கு அருமை என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஒவ்வொரு முறையும் தேடிப்பிடித்து ராகு காலத்தில் போடும்.