பிறவித்திறன்: எல்ஃபுக்குப் பிறப்பில் வருவது எது, பழக்கத்தில் வருவது எது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை பிற்பகல்தோறும் ஐந்து பிள்ளைகள் கூடுவார்கள். அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி, இருபது முகப் பகடையை உருட்டிக் கதையை நகர்த்தும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவர்களுடைய ஆட்டம். அதே பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆட்டத்தைத் தமிழில் ஆடினால் வாயில் நாலு தமிழ்ச் சொல் தங்கும் என்று நினைத்து, கதாபாத்திரத் தாளை மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டேன். பெயர், வகுப்பு, உயிர்ப்புள்ளி என்று ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போனேன். ‘ரேஸ்’ என்ற கட்டம் வந்தது. ‘இனம்’ என்று எழுதினேன். மேசையின் மறுபக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதை ஏம்பா விளையாட்டுலயும் கேக்குறாங்க?” என்றார்.

அம்மா பிறந்தது டர்பன் மேகசின் பேரக்ஸில். நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1950ல் இரண்டு சட்டங்கள் வந்தன. மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஓர் இனத்தை எழுதி வைத்தது. குழுப் பகுதிச் சட்டம் எந்த இனத்துக்கு எந்த மண் என்று கோடு கிழித்தது. 1960களில் பேரக்ஸ் காலியாயிற்று, சாட்ஸ்வர்த் நிரம்பியது. 1991ல் இரண்டு சட்டங்களும் ஒழிந்தன. பழைய அநீதியைச் சரிசெய்யக் கணக்கு வேண்டும் என்பதால் படிவங்களில் அந்தக் கட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. அம்மா கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடப் போனதில் கிடைத்ததுதான் ‘பிறவித்திறன்’.

ஆட்டத்தில் ‘ரேஷியல் அபிலிட்டி’ என்பது, பாத்திரம் இன்ன கூட்டத்தில் பிறந்தது என்பதாலேயே அதற்குக் கிடைக்கும் தனித்தகுதி. எல்ஃப் என்பது மேலைக் கதைகளில் வரும், மனிதரைப் போலத் தோன்றும் மாயப் பிறவி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974ல் வெளியிட்ட முதல் ஆட்டத்திலேயே எல்ஃபுக்கு இது உண்டு. பிணந்தின்னிப் பேய் தொட்டால் மற்றவர்கள் மரக்கட்டையாகிவிடுவார்கள், எல்ஃபுக்கு ஒன்றும் ஆகாது. சுவரில் மறைந்திருக்கும் கதவு அதன் கண்ணில் எளிதில் படும். 1978ல் வந்த விதிநூல், தூங்கவைக்கும் மந்திரமும் மயக்கும் மந்திரமும் எல்ஃபிடம் 100க்கு 90 தடவை பலிக்காது என்றது. இருட்டில் 60 அடி வரை பார்வையும், வில்லையோ வாளையோ எடுத்தால் பகடை எண்ணோடு ஒரு புள்ளிக் கூட்டலும் கொடுத்தது. 2014 பதிப்பில் எல்ஃபுக்குத் தூக்கமே தேவையில்லை. நாலு மணி நேரம் ஒருவகைத் தியானத்தில் இருந்தால் போதும்.

இந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒரு கலப்படம் தெரியும். இருட்டில் பார்ப்பது கண்ணின் வேலை, உடம்போடு வந்தது. வில் பிடிப்பதும் உடம்போடு வந்ததா? அதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். விரல் காய்க்க நாண் இழுத்துப் பழகியிருக்க வேண்டும். பிறந்த மூன்றாம் நாளே எல்ஃப் குழந்தையை மனிதர்கள் எடுத்து வளர்த்தால் அந்தக் குழந்தைக்கு வில் வருமா? பழைய விதிப்படி வரும். எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். ஒருவர் இன்னாருக்குப் பிறந்தார் என்பதை வைத்தே அவர் கைக்கு எந்த வேலை வரும் என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது.

ஆட்டத்தை ஆக்குகிறவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. இதே வகை ஆட்டமான ‘பாத்ஃபைண்டர்’ தன் 2019 பதிப்பில் ‘ரேஸ்’ என்ற சொல்லைக் கைவிட்டு, முன்னோர்வழி என்று பொருள்படும் ‘ஆன்செஸ்ட்ரி’ என்றது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2024 விதிநூலில் ‘ஸ்பீசிஸ்’ என்று மாற்றியது. பெயரைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் அதில் உண்டு. வலிமை, சுறுசுறுப்பு, அறிவு போன்றவற்றுக்கான கூட்டல் புள்ளிகள் முன்பு பிறப்போடு ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து, பாத்திரம் வளர்ந்த பின்புலத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

‘ஸ்பீசிஸ்’ என்பதைத் தமிழாக்கப் போனபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நம் அறிவியல் பாடநூல்களில் அதற்குச் சொல் ‘சிற்றினம்’. திருக்குறளில் 46ஆம் அதிகாரத்தின் தலைப்பு ‘சிற்றினம் சேராமை’. அங்கே அது உயிரியல் வகை அல்ல, தாழ்ந்த குணமுள்ளவர்களின் சகவாசம். அதே அதிகாரத்தில் இந்தக் குறள்:

நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு.

தண்ணீர் தான் விழுந்த மண்ணின் நிறத்தையும் சுவையையும் ஏற்பதுபோல, மனிதரின் அறிவு அவர்கள் சேர்ந்த இனத்தின் இயல்பை ஏற்கிறது. வள்ளுவரின் ‘இனம்’ பிறந்த குருதி இல்லை, கூடியிருக்கும் கூட்டம். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளைப் பிரிக்கும்போதும் ஒலியால் ஒத்தவை ஒன்றுசேர்ந்தன என்பதே பொருள். ‘இனசனத்தோட வாங்க’ என்று கலியாணத்துக்கு அழைக்கிறோமே, அதிலும் சேர்ந்து வாழ்பவர்கள் என்ற வாசம் இருக்கிறது. பிறப்பால் மனிதரைக் கூறுபோடும் பொருள் இந்தச் சொல்லின் மேல் பிற்காலத்தில் ஏறிய சுமை. அந்தக் குறளை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப எங்க பேரக்ஸ்தான் எங்க இனம்” என்றார். தெலுங்குக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர் அவர்.

ஆகவே என் முடிவு இது. ஆங்கிலம் ஒரே தொடரில் போட்டுக் குழப்பியதைத் தமிழ் இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது. உடம்போடு வந்ததைப் பிறவித்திறன் என்போம். சேர்ந்த கூட்டத்தால் வந்ததை, வள்ளுவர் சொன்ன பொருளில், இனத்திறன் என்போம். ‘இன ஆற்றல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது இரண்டையும் மறுபடி கலந்துவிடுகிறது. ‘குலத்திறன்’ எனக்கு ஆகாது, சாதி வாடை அடிக்கும். ‘மரபு’ நல்ல சொல்தான், ஆனால் மரபணுவும் அதில் வரும், மரபுக்கவிதையும் அதில் வரும். எப்போதும் கூடவே இருப்பதை இயல்பு என்றும், வேண்டும்போது எடுத்து வீசுவதைத் திறன் என்றும் இன்னும் நுட்பமாகப் பிரிக்கலாம். இருட்டுப் பார்வை பிறவி இயல்பு. 2008 பதிப்பில் எல்ஃபுக்குக் கொடுத்திருந்த, குறி தப்பிய தாக்குதலுக்கு ஒரு சண்டைக்கு ஒரு தடவை மீண்டும் பகடை உருட்டும் வாய்ப்பு, திறன்.

இனி எல்ஃப். பழைய ஆங்கிலத்தில் ‘ஆல்ஃப்’, பழைய நார்ஸ் மொழியில் ‘ஆல்ஃப்ர்’. வெண்மையைக் குறிக்கும் லத்தீன் ‘அல்புஸ்’ என்பதற்கு உறவாக இருக்கலாம் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஆல்ஃபிரட் என்ற பெயருக்கு எல்ஃபின் அறிவுரை பெற்றவன் என்பது பொருள். பழைய ஆங்கிலப் பாட்டுகளில் ஓர் அழகியைப் புகழ ‘எல்ஃப்போல் ஒளிர்பவள்’ என்ற ஒரே சொல் உண்டு. அதே காலத்து மருத்துவ ஏடுகளில் எல்ஃப் எய்த அம்பால் வரும் குத்துவலிக்கும், எல்ஃப் நோய்க்கும் மருந்து எழுதியிருக்கிறார்கள். அழகு, நோய், இரண்டும் ஒரே உருவத்தில்.

தமிழில் இதை வாசிக்கும் எவருக்கும், அழகால் மயக்கி வருத்தும் தெய்வமான ‘அணங்கு’ நினைவுக்கு வரும். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறளின் தலைவன் திகைப்பது அழகைக் கண்டு. தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பதும் அணங்கைத்தான். மகள் மெலிந்துபோனால் முருகு அணங்கிற்று என்று சொல்லி பூசாரியான வேலனை அழைத்து, சாமியாடும் வெறியாட்டு நடத்தினார்கள். கொல்லிமலையின் தெய்வப் பாவையான கொல்லிப்பாவையின் அழகு கொல்லும். மலைச்சோலையில் ஆடும் சூரரமகளிர் பெயரிலேயே ‘சூர்’ என்ற அச்சம் இருக்கிறது. வடகடல் ஓரத்திலும் குறிஞ்சி மலையிலும் மனிதர்கள் தனித்தனியே கண்ட ஒரே பயம், ஒரே மயக்கம். எல்ஃபைக் குட்டிச்சாத்தான் என்றும் குறளி என்றும் பெயர்ப்பவர்கள் உண்டு. குறும்பு செய்யும் குள்ள உருவத்துக்கு அது பொருந்தலாம், ஆட்டத்தில் நெடிது நிற்கும் எல்ஃபுக்குப் பொருந்தாது. இயக்கர், நாகர் என்பதுபோல ‘அணங்கர்’ என்று கட்டிக்கொண்டோம். பேசும்போது பிள்ளைகள் எல்ஃப் என்றே சொல்கிறார்கள், அதில் குற்றமில்லை.

பிறவித்திறன்களைப் புதிதாக வடிக்கலாம் என்று அவர்கள் கேட்டபோது நான் எடுத்துப் போட்டது நளவெண்பா. தமயந்தியின் சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளனைப்போலவே உருவெடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நளன்களில் உண்மை நளனை அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

கண்ணிமைத்த லால்அடிகள் காசினியில் தோய்தலால்
வண்ண மலர்மாலை வாடுதலால்

கண் இமைக்கிறது, கால் தரையைத் தொடுகிறது, மாலை வாடுகிறது. ஆகவே அவன் மனிதன். இதைத் திருப்பிப்போட்டால் மனிதர் அல்லாதவரின் பிறவி இயல்புகள் மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. தொல்காப்பியக் களவியலும் இதேபோல வண்டு மொய்ப்பது, பூ வாடுவது, கண் இமைப்பது, அச்சம் என்று அடையாளங்களைச் சொல்லி, எதிரே நிற்பவள் தெய்வமா பெண்ணா என்ற ஐயத்தைக் களைகிறது. தேவர்களை இமையார் என்றே அழைக்கிறோம். இத்தனையும் கையில் இருக்க, கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

எல்ஃபின் நாலு மணி நேரத் தியானத்துக்கு விதிநூலில் ‘டிரான்ஸ்’ என்று பெயர். காவடித் திருநாளில் அருள் வந்து ஆடுகிறவர்களையும் எங்கள் ஊரில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அதனால் எல்ஃப் ஒவ்வோர் இரவும் அருள் வந்து ஆடும் என்றே பிள்ளைகள் வெகுநாள் நினைத்திருந்தார்கள். இதற்குப் பெருமாளிடமிருந்து சொல் வாங்கினேன்: அறிதுயில். உறங்குவதுபோல் கிடந்தும் எல்லாம் அறிந்திருக்கும் நிலை. அந்தச் சொல்லைக் கேட்டதும் மறுகேள்வி வரவில்லை.

இருட்டுப் பார்வை மின்வெட்டு இரவொன்றில் தெளிவாயிற்று. தெருவே இருண்டு கிடந்தது. 60 அடி என்றால் 18 மீட்டர். எங்கள் வாசல் கேட்டிலிருந்து அளந்தால் அடுத்த வீட்டு மாமரத்தடி. அக்கா மகன் அங்கே போய் நின்று கையைத் தூக்கினான். ஆள் நிற்பது நிழலாகத் தெரிந்தது, எத்தனை விரல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் இளையவள், பதினாலு வயது, கேட்டில் சாய்ந்தபடி சொன்னாள்: “அங்க ஒரு ஆளு நின்னு அழுதா எல்ஃபுக்குத் தெரிஞ்சிடும் மாமா. வேண்டாம்னாலும் தெரியும்.” மறுவாரம் அவள் எழுதி வந்த பிறவி இயல்பு ‘இமையாக் கண்’. தூக்கமந்திரம் பலிக்காது. இருட்டில் 60 அடி தெரியும். ஆனால் எதைக் கண்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது, போர்க்களத்தில் பார்த்தது அறிதுயிலிலும் கூடவே வரும், அதற்காக ஒரு பகடை உருட்ட வேண்டும். அணங்கு என்ற சொல்லில் வருத்தமும் இருக்கிறது என்று நான் சொன்னதை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வரத்தோடு ஒரு வலியும் வைத்துப் படைத்த இந்த ஒன்று, நான் விதிநூல்களில் பார்த்த எதையும்விட எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொருவன் ‘தோயா அடி’ எழுதினான்: மணலில் சுவடு விழாது. ‘வாடா மாலை’ இன்னும் சரியாக அமையவில்லை. கொடுத்த வாக்கை மீறினால் பூ வாட வேண்டும் என்று ஒருவன், பொய் சொன்னாலே வாட வேண்டும் என்று இன்னொருவன். பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

இனத்திறன் கட்டத்தை அக்கா மகன் நிரப்பியிருக்கிறான். அவனுடைய எல்ஃப் காட்டில் வளரவில்லை. டர்பன் கடற்கரையில் கரைவலை இழுக்கும் குடும்பம் ஒன்று கண்டெடுத்து வளர்த்த பிள்ளை. வில்லைத் தொட்டதே இல்லை. சூன், சூலை மாதங்களில் சார்டின் கூட்டம் கரையோரம் வரும்போது, கடற்பறவைகள் செங்குத்தாகப் பாய்வதைப் பார்த்தே மீன் எங்கே என்று சொல்லிவிடும். வலை வீசும் பகடைக்கு இரண்டு புள்ளி கூட்டல். ‘ரேஸ்’ இருந்த கட்டத்தில் இப்போது இரண்டு வரி இருக்கிறது. பிறவி: அணங்கர். இனம்: வலைக்காரர். அம்மா அதை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்றார்.