உங்க கம்பனி டைரக்டர்மாருக்கு எவ்வளவு சம்பளம்னு நீங்களும் கேக்கலாம்

போன மாசம் ஹட்டன் டவுன்ல இருக்கிற என் ஒபிஸுக்கு ஒரு பாட்டி பேத்திய கூட்டிக்கிட்டு வந்தாங்க. நான் கணக்காளர், முக்கால்வாசி பேர் ஈபிஎஃப் விசயமாத்தான் வருவாங்க, இதுவும் அதுதான்னு நெனச்சு போர்மை எடுத்து வச்சேன். பாட்டி சொப்பிங் பேக்குக்குள்ள கைய விட்டு, மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்ச ஒரு பேப்பர வெளிய எடுத்தாங்க. பாத்தா ஷெயார் சர்டிபிகேட்.

"தம்பி, இது எதுக்காச்சும் ஆகுமா, இல்ல அடுப்புல போட்டுரவா?"

ஐயோ போட்டுறாதீங்கம்மான்னு கையில வாங்கிக்கிட்டேன். 1992-ல தோட்டங்கள் ஜனவசம, எஸ்பிசிங்கிற அரசாங்க நிறுவனங்க கையில இருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போச்சு, அப்புறம் அந்தக் கம்பனிகளோட ஷெயார வித்தப்ப பெரும்பங்கு முதலாளிமாருக்குப் போனாலும் நூத்துக்கு 10 வீதத்த தோட்டத்துல வேல செஞ்சவங்களுக்கு சும்மா குடுத்தாங்க. கொழுந்து எடுத்த கையில ஷெயார் வந்தது அப்பிடித்தான். ஆனா அது என்ன பேப்பர், அத வச்சு என்ன செய்யலாம்னு லயத்துக்கு வந்து சொல்லிக் குடுத்தவங்க யாரும் இல்ல, அதனாலதான் இத எழுதுறேன்.

ஷெயார் வச்சிருக்கிறவங்களுக்கு டிவிடன்ட், அதாவது லாபத்துல வர்ற பங்கு மட்டுமில்ல, கணக்குப் பாக்கிற உரிமையும் இருக்கு. டைரக்டர்மார் சம்பளத்த போர்டுதான், அதாவது டைரக்டர்மாரேதான் முடிவு பண்றாங்க. அதனாலதான் 2007-ம் வருசத்து 7-ம் இலக்க கம்பனிச் சட்டம், அந்தச் சம்பளம் கம்பனிக்கு நியாயமானதுதான்னு போர்டுக்கு திருப்தி இருக்கணும், அத அக்கறைப் பதிவேட்டுல (கம்பனி விசயத்துல டைரக்டர்மாருக்கு இருக்கிற சொந்த நலன எழுதி வைக்கிற பதிவேடு) பதியணும், வருசாந்த அறிக்கையில டைரக்டர்மாருக்குக் குடுத்தத வெளிய சொல்லணும்னு கட்டிப் போட்டிருக்கு. பங்குச் சந்தையில இருக்கிற கம்பனின்னா இன்னும் கூட. சம்பளக் கமிட்டி ஒன்னு இருக்கணும், அதுல யார் யார் இருக்காங்க, என்ன கொள்கையில சம்பளம் குடுக்கிறாங்கன்னு எழுதணும். அறிக்கை கொழும்பு பங்குச் சந்தை வெப்சைட்ல காசு இல்லாம இருக்கு, யாரும் எடுத்துப் பாக்கலாம்.

பேத்தி ஏ.எல். படிக்கிற பிள்ள, அவ போன்லயே அந்தக் கம்பனி அறிக்கைய எடுத்தோம். இருநூறு பக்கத்துக்கு மேல, அம்புட்டும் இங்கிலீஷ். முன்னாடி மல போட்டோ, கொழுந்துக் கூட போட்டோ எல்லாம் இருக்கும், அத தள்ளிட்டு பின்னாடி நோட்ஸுக்கு, அதான் கணக்குக்கு விளக்கம் எழுதியிருக்கிற குறிப்புகளுக்குப் போங்க. வரிக்கு முந்தின லாபம்னு ஒரு நோட் வரும், அதுக்குள்ள ஆடிட் பீஸ், ஈபிஎஃப் வரிசையில டைரக்டர் சம்பளமும் ஒரு வரியா நிக்கும். பிள்ள வெரல வச்சு "48,600"னு வாசிச்சா. பாட்டி, "நாப்பத்தெட்டாயிரமா? அம்புட்டுத்தானா?"ன்னாங்க.

இங்கதான் நெறைய பேர் தவறுறாங்க. பக்கத்து மேல, எண் வரிசைக்கு தலைப்புல, பொடி எழுத்துல ரூபாய் ஆயிரத்துலன்னு ஒரு குறி இருக்கும், அதப் பாத்தீங்கன்னா ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி மூணு சைபர் சேக்கணும். அப்ப அது 4 கோடியே 86 லட்சம்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, "எத்தன பேருக்கு?"

இத்தன வருசத்துல ஏ.ஜி.எம்.ல, அதான் ஷெயார்காரங்களோட வருசாந்தக் கூட்டத்துல கூட இந்தக் கேள்விய இவ்வளவு நேரா கேட்டு நான் பாத்ததில்ல. அந்த நோட்டுல அதுக்குப் பதில் இல்ல, மொத்தத்த போட்டா போதும்னுதான் விட்டிருக்காங்க. எட்டு டைரக்டர் இருந்து ஏழு பேர் மீட்டிங் காசு மட்டும் வாங்கிட்டு ஒருத்தர் மிச்சத்த வாங்கினாலும் அந்த எண் மாறாது. "எங்க சம்பளச் சீட்டுல சங்கத்துச் சந்தா, கோயில் காசு, தேத்தூள் காசுன்னு ஒன்னொன்னா புடிச்சதப் போட்டிருப்பாங்களே தம்பி, அரைநாள் சம்பளம்னு அரைப்பேரு போட்டாக்கூட செக்ரோல் புத்தகத்துல தெரியுமே"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அது நியாயமான கேள்வி.

இன்னொரு எடம் இருக்கு, அத கட்டாயம் பாருங்க. சம்பந்தப்பட்ட தரப்பு நோட், அதாவது டைரக்டர்மார், தாய்க் கம்பனி மாதிரி கம்பனியோட நெருங்கின தொடர்பு உள்ளவங்களோட நடந்த கொடுக்கல் வாங்கல சொல்ற குறிப்பு. கணக்கீட்டு நியமம் 24 படி முக்கிய நிர்வாகிகளுக்குக் குடுத்தத குறுகிய காலப் பலன், ஓய்வுக்குப் பிந்தின பலன், வேலய விட்டுப் போறப்ப குடுக்கிறது, ஷெயாரா குடுக்கிறதுன்னு வகை பிரிச்சுக் காட்டணும். ஆனா யார் முக்கிய நிர்வாகின்னு கம்பனி சொல்றத நல்லா வாசிங்க, நம்ம நாட்டுல நெறைய பேர் டைரக்டர்மார மட்டும் எழுதிட்டு விட்டுர்றாங்க. அதே நோட்டுல முகாமைக் கட்டணம்னு ஒரு தொகை இருக்கலாம். தோட்டக் கம்பனிகள நடத்துறதுக்கு தாய்க் கம்பனியோ அதோட முகாமைக் கம்பனியோ வாங்குற காசு அது. பெரியவங்க சம்பளம் அங்க இருந்து போச்சுன்னா, இங்க டைரக்டர் சம்பளம்னு ஒரு சின்ன எண்தான் தெரியும். நியமத்துப்படி அந்தக் கட்டணத்த சொன்னா போதும், அந்தக் கம்பனி தன் ஆளுக்கு எவ்வளவு குடுத்துச்சுன்னு சொல்லத் தேவயில்ல. அதனால ரெண்டையும் சேத்துப் பாக்காம சம்பளம் கம்மின்னு முடிவு பண்ணிறாதீங்க.

மத்த நாட்டுல இப்ப ஒரு படி மேல போயிட்டாங்க. அமெரிக்காவுல 2010 சட்டத்தால, 2018-ல இருந்து சிஈஓ சம்பளம், ஊழியர்கள சம்பளப்படி வரிசையா வச்சா நட்ட நடுவுல வர்ற ஊழியர் சம்பளத்தப் போல எத்தன மடங்குன்னு எழுதணும், இந்தியாவுல 2013 கம்பனிச் சட்டத்துலயே பட்டியலிட்ட கம்பனிக்கு இது மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல அந்த மடங்குக் கணக்கு கட்டாயம் இல்ல. வரணும்னு நான் உறுதியா நெனக்கிறேன். தோட்டத் தொழிலாளி நாள் சம்பளம் 2021-ல 1,000 ரூபா ஆகுறதுக்கும் 2024-ல 1,350 ஆகுறதுக்கும் எவ்வளவு இழுபறின்னு எல்லாருக்கும் தெரியும், கட்டுபடி ஆகாதுங்கிற பேச்சு வர்ற எடத்துல மேல போற காசும் அதே மேசையில இருக்கணும். கூட சம்பளம் வாங்கினாலே தப்புன்னு நான் சொல்லல, நல்லா நடத்துறவங்களுக்கு குடுக்கத்தான் வேணும், அது எதுக்குன்னு காட்டிட்டுக் குடுங்கன்னுதான் கேக்கிறேன்.

ஏ.ஜி.எம். பெரும்பாலும் கொழும்புல, பாட்டியால போக முடியாது. அறிக்கை கடைசிப் பக்கங்கள்ல ப்ராக்ஸி போர்ம் இருக்கும், நம்பிக்கையான ஒருத்தர் பேர எழுதி அனுப்பலாம், வழக்கமா கூட்டத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முந்தியே போய்ச் சேரணும். பேத்தி அன்னிக்கே கம்பனிச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினா, பழைய லயத்து விலாசத்த மாத்தச் சொல்லியும், வாங்காத டிவிடன்ட் கேட்டும், கடைசியில பாட்டி கேட்ட அந்தக் கேள்வியயும். பதிவுத் தபால்ல போட்டாச்சு.

உங்க வீட்டு ட்ரங்குப் பெட்டியிலயும் தேடிப் பாருங்க. ஷெயார்காரர் தவறிப் போயிருந்தாலும் பிள்ளைங்க உரிமை கேக்கலாம், சர்டிபிகேட்டுல ஒரு பேரும் அடையாள அட்டையில ஒரு பேருமா இருந்தா பயந்து விட்டுறாதீங்க, நம்ம பக்கம் அது சாதாரணம், சத்தியக் கடதாசி முடிச்சு சரி பண்ணலாம். ஒரிஜினல மட்டும் யார் கேட்டாலும் தபால்ல அனுப்பாம முதல்ல போட்டோ கொப்பி எடுத்து வச்சுக்குங்க.